கண்டியில் அவருக்குக் கொடுத்த வேலை

என் கணவருக்குக் கண்டியில் வேலை என்று தெரிந்தபோது மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். திருப்பூரில் அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனி, கண்டிக்குப் பக்கத்தில் நொடித்துக் கிடந்த ஒரு தொழிற்சாலையை வாங்கியிருந்தது. அதைச் சரிப்படுத்த அனுபவமுள்ள ஆள் வேண்டும், ஓரிரண்டு வருடம் குடும்பத்தோடு போய் இருந்துவிட்டு வந்தால் இங்கே பெரிய பொறுப்பு காத்திருக்கிறது என்று முதலாளி சொல்லியிருந்தார். அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. பத்தாவது முடித்த கையோடு தையல் மெஷினில் உட்கார்ந்து, பிறகு கட்டிங், பிறகு செக்கிங் என்று ஏறி வந்தவர் அவர். வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலைக்கே மேனேஜர் என்பது அவர் வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்காத விஷயம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. "தமிழ் பேசற ஊருக்குத்தான போறோம், இதென்ன பெரிய வெளிநாடு" என்று என் அம்மாவுக்கு நானே ஆறுதல் சொன்னேன்.

கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் கம்பெனி பார்த்துக் கொடுத்த வீடு, ரோட்டை விட்டுப் பள்ளத்தில் படியிறங்கிப் போக வேண்டிய வீடு. பின்பக்கம் மண்மேடு சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். துவைத்த துணி காயாது. காய்ந்தது என்று மடித்து அலுமாரியில் வைத்தால் மறுவாரம் பூஞ்சை வாடை அடிக்கும். வெயிலில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே ஓயாமல் பெய்த மழை முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகு அது நின்றால் போதும் என்றாகிவிட்டது. காலையில் கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனால், மறுபடி வேன் சத்தம் கேட்கும்வரை நானும் மகனும்தான். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் சிங்களம் படிக்கத் தெரியாது. தமிழ் பேசுகிறவர்களிடம் பேசினாலும் நான் சொல்வதை அவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "நாற்காலின்னு சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்கம்மா" என்று அழுதாள். அங்கே அது கதிரை.

எங்கள் வீட்டுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் படியிறங்கினால் ஒரு சின்ன வீடு. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தம்பதி அங்கே இருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் த்ரீவீல், அதாவது ஆட்டோ, ஓட்டினார். அவர்களுக்கு என் மகள் வயதிலேயே ஒரு பெண். அந்தப் பெண்ணோடு என் மகளையும் சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். மனைவி காமென்டில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். நாங்கள் பனியன் கம்பெனி என்பதை அங்கே காமென்ட் என்பார்கள். எந்தக் காமென்ட் என்று கேட்டேன். என் கணவருடையதுதான். அவள் அங்கே ஒரு லைனுக்கு சூப்பர்வைசர்.

நான் யார் என்று தெரிந்ததும் அந்தப் பெண் பயந்துபோனாள். கொஞ்ச நாள் என்னைப் படியில் பார்த்தாலே ஒதுங்கி நின்று "மேடம்" என்பாள். அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தது கேஸ் தட்டுப்பாடுதான்.

நாங்கள் போய்ச் சில மாதங்களிலேயே நாட்டில் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோக ஆரம்பித்தது. முதலில் பால்மா, அதாவது பால் பவுடர், கிடைக்கவில்லை. பிறகு கேஸ். பிறகு கரண்ட் பகலில் பாதி நேரம் போனது. பெட்ரோலுக்கு வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நின்றன. ஒரு மத்தியானம் கேஸ் தீர்ந்துபோய், அரைவேக்காட்டு அரிசிப் பானையை வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். அன்று அவளுக்கு லீவு. கீழிருந்து பார்த்துவிட்டு மேலே வந்தாள்.

"என்னா மேடம் இது, ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேன்ல. பானைய தூக்குங்க, நம்ம வீட்டுல அடுப்பு எரியுது."

அன்றிலிருந்து அவள் வீட்டு விறகடுப்பில்தான் எங்களுக்கும் சமையல். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் நான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்து வைப்பேன். லீவு நாட்களில் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசுவோம். மேடம் அக்காவானேன். என் கணவரை மட்டும் கடைசிவரை "ஐயா" என்றுதான் சொன்னாள். "ஐயா கத்த மாட்டாரு அக்கா. பழைய மேனேஜரு எப்பவும் கத்திக்கிட்டே இருப்பாரு. இவரு மெஷின்ல தானே உக்காந்து தச்சு காட்டுறாரு. புள்ளைங்க எல்லாத்துக்கும் ஐயாவ புடிக்கும்." நான் இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

ஒரு காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அதற்குமுன் நான் வலிப்பைப் பார்த்ததில்லை. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்து, உதடு நீலமானது. செத்துப்போகிறான் என்றே நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் கத்தியபடி படியிறங்கி ஓடினேன். கீழ்வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தார். ஒரு பகல் முழுக்கப் போலிமில், அதாவது பெட்ரோல் வரிசையில், நின்று போட்ட கொஞ்சம் பெட்ரோல் அவர் வண்டியில் இருந்தது. அந்த வாரம் ஹயர் ஓடிச் சம்பாதிக்க அவருக்கு இருந்தது அவ்வளவுதான். மலைவளைவுகளில் ஹாரனை அழுத்தியபடியே இறங்கிப் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் உள்ளே ஓடினேன். மகன் பிழைத்துக்கொண்டான். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அவர் நடத்தித்தான் கூட்டிப்போனார், இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு. வண்டி மேலே ரோட்டோரத்தில் படுதா போட்டுக் கிடந்தது.

என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கீழ்வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தார். "பரவால்லைங்க ஐயா, புள்ள நல்லாயிருச்சில்ல" என்று அவர்தான் தேற்றினார்.

சித்திரைப் புதுவருஷம் நெருங்கியது. சிங்களவர்களும் தமிழர்களும் சேர்ந்து கொண்டாடும் பண்டிகை. தொழிற்சாலைகளுக்கெல்லாம் நீண்ட லீவு. பெண்கள் அவரவர் ஊருக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். ஒரு கடையில் மகள் தனக்கு ஒரு பாவாடையும் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அதேபோல் இன்னொன்றும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கடைக்கார நானா (முஸ்லிம் கடைக்காரரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இரண்டையும் மடித்துக் கொடுத்துவிட்டு, என் இடுப்பிலிருந்த மகனைப் பார்த்து, "பால்மா பெக்கட் ஒன்டு ஈக்கி, எடுத்துட்டுப் போங்க. சின்னப் புள்ள ஈக்கிற வூடு தானே" என்று உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தார். தன் வீட்டுப் பிள்ளைக்கென்று அவர் எடுத்து வைத்ததாக இருக்க வேண்டும்.

வேன் டீசலுக்காக வரிசையில் நின்றது. நாங்கள் பாலத்தருகே நின்றோம். மகாவலி ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"லீவு முடிஞ்சு கம்பெனி திறக்காது."

எனக்கு விளங்கவில்லை. கரண்ட் இல்லாததாலா என்று கேட்டேன்.

"மூடறாங்க. இந்த ஆர்டர முடிச்சு அனுப்பிட்டு, லீவுல மெஷின் பூராத்தையும் கன்டெய்னர்ல ஏத்தறாங்க. வேற நாட்டுக்குப் போகுது. இவங்க லீவு முடிஞ்சு வந்தா கேட்டு பூட்டியிருக்கும். என்னை இங்க அனுப்புனதே அதுக்குத்தானாம். போன மாசம்தான் சொன்னாங்க."

"அப்ப அந்தப் பொண்ணுங்க?"

"தெரியல."

"யாருக்குங்க தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு. நீ வாயத் தொறந்துடாத. தெரிஞ்சா ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டா, ஆர்டர் நிக்கும், அப்புறம் நம்மளை நடுத்தெருவுல விட்டுருவாங்க. ஊர்ல வீட்டு லோன் ஓடிட்டிருக்குது. நானும் கூலிக்காரன்தான், ஞாபகம் வச்சுக்க."

அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அவர் சொன்னபடியே இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து வந்த நாட்களில் கீழ்வீட்டு அடுப்படிக்குப் போவதே எனக்குச் சித்திரவதையாக இருந்தது. அவள் புதுவருஷத்துக்குப் புசல்லாவைக்குப் போவதைப் பற்றியே பேசுவாள். அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், அவளுடைய தங்கச்சி குடும்பம் இருந்தது. எங்களையும் வரச்சொன்னாள். பாவாடையைக் கண்டதும் தன் மகளைக் கூப்பிட்டு அளவு பார்த்தாள். நான் தலைவலி என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மாலை வேலைவிட்டு வந்தவள், பையைக்கூட வைக்காமல் நேராக என்னிடம் வந்தாள். வேறொரு காமென்டில் அவளைக் கூப்பிடுகிறார்களாம். இதே சூப்பர்வைசர் வேலை. ஆனால் லீவுக்கு முன்பே வந்து சேர வேண்டும், லீவு முடிந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள்.

"எனக்குப் போக மனசில்ல அக்கா. ஐயா நல்ல மனுசன், இங்க புள்ளைங்களும் பழகிட்டாங்க. ஆனா அவரு வண்டி ஓடாம கெடக்கு, என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்களேன். போகட்டுமா, இருக்கட்டுமா? ஐயா என்னா சொல்றாரோ அப்புடியே செய்றேன்."

கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இருக்கச் சொல்லு" என்றார்.

"எப்படிங்க?"

"அவ லைன்தான் கடைசி ஆர்டர தைக்குது. அவ போனா பாதிப் பேரு கூடப் போயிருவாங்க. இருக்கச் சொல்லு. லீவுக்கு அப்புறம் நான் ஏதாவது பாத்துப் பண்றேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"பண்றேன்னு சொல்றேன்ல!"

அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மகன் விழித்துக்கொண்டு அழுதான். அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும்போது அவன் உதடு நீலமாகிப்போன காலை எனக்கு நினைவு வந்தது. அதனால்தான் சொன்னேன் என்று இன்று சொன்னால் அது முழு உண்மையாக இருக்காது. பொய்யை அவர் சொல்லியிருந்தால் நான் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. என் வாயால் சொல்லச் சொன்னார். அது என்னால் முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும், அவள் வேலைக்குக் கிளம்பும்முன் கீழே போனேன். அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நீ போயிரு. அந்த வேலைக்கே போயிரு" என்றேன்.

"ஐயா அப்புடியா சொன்னாரு?"

"ஐயா சொல்லல. நான் சொல்றேன். லீவு முடிஞ்சு இங்க வேலை இருக்காது."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கன்டெய்னர் உட்பட. அவள் அழவில்லை, திட்டவில்லை.

"எல்லாருக்குமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாருக்கும்."

"என் லைன்ல ஒரு புள்ள மாசமா இருக்கு. இன்னொன்னுக்கு அம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல. அதுங்க?"

யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

அன்று மத்தியானமே மெஷின்கள் நின்றுவிட்டன. சிங்களப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், முஸ்லிம் பெண்கள் எல்லோரும் இறங்கி வந்து கேட்டுக்குக் குறுக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை பெய்தது. யாரும் எழவில்லை. ஆபீஸ் அறையில் என் கணவர் மாட்டிக்கொண்டார். நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க இருங்க அக்கா, நான் போய் பாத்துட்டு வாறேன்" என்று யாரிடமோ கொஞ்சம் பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி அந்தக் கேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் என் கணவரைப் பார்க்கப் போகிறார். இரண்டு பெண் பிள்ளைகளும் என் வீட்டுக் கூடத்தில் ஒரே மாதிரிப் பாவாடை கட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் த்ரீவீல் சத்தம் கேட்டது. என் கணவர் நனைந்துபோய் இறங்கினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. போலீஸ் வந்து வழி விடச் சொன்னதாம். பெண்கள் தாங்களே விலகி, அவரை மட்டும் போகவிட்டார்களாம். கம்பெனி வேனை விடவில்லை. "யாரும் ஒண்ணும் செய்யல அக்கா. ஐயா நடந்து வரும்போது ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல" என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி கேட்டுக்கே போனார், மனைவிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு.

கணவர் துண்டால் தலையைத் துவட்டாமல் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார்.

"நீதான?"

"ஆமா."

"நான் மேலிடத்துல பேசிட்டிருந்தேன். கொஞ்சம் பேரையாவது கொழும்புப் பக்கம் இருக்கற கம்பெனியில எடுத்துக்கச் சொல்லிக் கேட்டுட்டிருந்தேன். அவ பேருதான் மொதல் பேரு. இப்ப அதுவும் போச்சு."

அது உண்மையா, அந்த நேரத்தில் என்னை வருத்த வேண்டும் என்று சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் உண்மை என்றுதான் சொல்வார். அதனால் நான் கேட்கவில்லை.

பெண்கள் புதுவருஷத்துக்கும் ஊருக்குப் போகாமல் கேட்டிலேயே இருந்தார்கள். ஒரு கன்டெய்னரையும் வெளியே விடவில்லை. கடைசியில் திருப்பூரிலிருந்து ஆட்கள் வந்து பேசி, அவர்களுக்குச் சட்டப்படி சேரவேண்டியதைக் கொடுத்தார்கள். சும்மா பூட்டியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்று பிறகு பலர் சொன்னார்கள். ஆனால் தொழிற்சாலை மூடியது மூடியதுதான். வந்த ஆட்களில் ஒருவர் என் கணவரிடம், "வீட்டுல பேசற பேச்சக் கூடவா கட்டுப்படுத்தத் தெரியாது" என்று கேட்டிருக்கிறார். அதோடு அவர் வேலையும் போனது.

கீழ்வீட்டுப் பெண் அந்தப் புதிய வேலைக்குப் போகவில்லை. சேரச்சொன்ன நாளில் அவள் கேட்டில் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு கேட்டபோது, கலாட்டா செய்கிறவர்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அக்கம்பக்கத்தில் எந்தக் காமென்டிலும் அவளுக்கு அதே பதில்தான்.

நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் மேலே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பேசியாகிவிட்டது என்றாள். மகளைப் புசல்லாவையில் தங்கச்சியிடம் விடப்போகிறாள். அவள் கணவர் அம்பிட்டியவிலேயே இருந்து வண்டி ஓட்டுவார்.

"நான் உன்ன மட்டும்தான் போகச் சொன்னேன்" என்றேன். என்னையறியாமல் அது குற்றம் சாட்டுவதுபோல வந்துவிட்டது.

"தெரியும் அக்கா. நீங்க சொன்னதுக்கு நான் கோவிக்கல. ஆனா அதுங்கள வுட்டுட்டு நான் மட்டும் எப்புடி எந்திரிச்சுப் போறது?" என் மகனின் தலையைத் தடவினாள். "நீங்களாச்சும் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வந்தீங்க, கூட்டிக்கிட்டு போறீங்க" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

இப்போது திருப்பூரில் என் கணவர் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார், எங்கிருந்து ஏறினாரோ கிட்டத்தட்ட அதே இடத்தில். நான் மறுபடி டீச்சர். நாங்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம், கரண்ட் பில் பற்றிப் பேசுகிறோம். கண்டி என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மகள் மட்டும் சில நேரம் கதிரை என்று சொல்லிவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வாள்.

குவைத்திலிருந்து அவள் வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவாள், அந்த வீட்டுக்காரர்கள் அனுமதித்தால். அங்கே ஒரு கைக்குழந்தையை அவள்தான் வளர்க்கிறாள். தன் மகளோடு பேசிவிட்டு என்னிடம் பேசுவாள். தன் மகள் இப்போதெல்லாம் போனில் அதிகம் பேசுவதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள் என்றாள். என் மகனுக்குப் பிறகு வலிப்பு ஏதும் வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது, "ஐயா பக்கத்துல இருக்காரா அக்கா? குடுங்களேன், சும்மா ஒரு வார்த்த பேசுறேன்" என்றாள். அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

"அவரு இன்னும் வேலையில இருந்து வரல" என்று அவளிடம் சொன்னேன்.